மூக்கை நம்பி இறங்கியது

இன்று வாணியம்பாடியில் ஆம்பூருக்கு பஸ் ஏறினேன். உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன்.

கண்டக்டர் தோளைத் தட்டினார். "இன்னா சார், ஆம்பூர் டிக்கெட்டுதானே வாங்கினீங்க? அத்த தாண்டி மாதனூரே வந்துடுச்சு."

திரும்பிப் போகும் பஸ்ஸுக்காக வெயிலில் நின்றுகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளில் நானும் அக்பரும் எத்தியோப்பியாவில் ஒரு கிராமப் பள்ளியில் சம்பளம் வாங்காமல் தொண்டு செய்த வாத்தியார்கள். இரண்டு பேருக்கும் ஆம்பூர்தான். லீவு விட்டால் ஊருக்கு வர வசதியில்லை. கிடைத்த பஸ்ஸில் ஏறி அந்த நாட்டையே சுற்றுவோம்.

அப்படி ஒரு பயணத்தில், அரைத்தூக்கத்தில் இருந்தபோது, ஆம்பூரில் பிறந்ததிலிருந்து பழகிய தோல் பதனிடும் நாற்றம் குப்பென்று மூக்கில் ஏறியது.

பையோடு எழுந்துவிட்டேன். "அக்பர், எறங்குடா, ஊர் வந்துடுச்சு!"

அவனும் கண்ணைக் கசக்கிக்கொண்டே, ஒரு கேள்வி கேட்காமல் பின்னாலேயே இறங்கினான்.

பஸ் போன பிறகுதான் சுற்றிலும் பார்த்தோம். தெரியாத ஊர். கொஞ்சம் தள்ளி தோல் பதனிடும் டேனரி ஒன்று.

"நாத்தம் கரெக்டுதான்டா," என்றான் அக்பர். "ஊருதான் தப்பு."

அந்த நாற்றத்தை மூச்சிழுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தோம். வெகுநேரம் கழித்து ஒரு பஸ் வந்தது. நான் எழுந்தேன். அவன் எழவில்லை.

"இத்த உட்டுடு. அடுத்ததுல போலாம்."

அன்று இல்லாத ஊரில் இறக்கிவிட்ட மூக்கு, இன்று இருக்கிற ஊரைத் தாண்டவிட்டுவிட்டது. நாற்றம் கம்மியாகிவிட்டதா, எனக்குத்தான் வயதாகிவிட்டதா, தெரியவில்லை.

ஆம்பூர்க்காரர்களே, பஸ்ஸில் தூங்கிவிட்டால் இப்போதெல்லாம் உங்களை எது எழுப்புகிறது?