முன்னால் கோடை, பின்னால் பனி

கெர்லிண்ட் தேலனுக்கு ஐம்பத்தேழாவது வயதில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கத் தோன்றியது. முப்பது வருஷமாக ஜெர்மனியின் ஐஃபல் மலைக் கிராமங்களுக்கெல்லாம் அவள்தான் மருத்துவச்சி. அவள் கையில் பிறந்தவர்கள் இப்போது அவளிடமே பிரசவத்துக்கு வர ஆரம்பித்திருந்தார்கள். காரில் இரண்டே இருக்கை. பக்கத்து இருக்கையில் பிரசவப் பெட்டியை வைத்து அதற்கும் பெல்ட் போட்டுவிடுவாள். ரொட்டிக் கடையில் கேலி செய்தால் தானும் சேர்ந்து சிரிப்பாள்.

டயர் விஷயத்தில்தான் அவள் சிரிப்பு நின்றது. அந்த மலையில் ஏப்ரல் மாதம் ஆற்றோரம் வெயில் அடிக்கும், பாதி ஏற்றத்தில் மழை பெய்யும், மேலே போனால் பனி கொட்டும். கோடை டயர் குளிரில் விறைத்துப்போகும். பனி டயரோ வெயிலில் தொளதொளத்து, வளைவில் வண்டியை அசைத்துவிடும். யாரிடம் கேட்பது? கார்ப் பந்தயப் பாதை ஒன்று பக்கத்திலேயே இருந்ததால் ஊரில் எல்லாருமே டயர் நிபுணர்கள். ஆளுக்கொன்று சொன்னார்கள்.

டயர் கடைக்காரர் ஹன்ஸ்யோர்க் பொறுமையான மனிதர்; அவளை 'ஃப்ராவ்', அதாவது அம்மணி, என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார்.

"எல்லாப் பருவத்துக்கும் ஒரே டயர் இருக்கு, ஃப்ராவ் தேலன்."

"அப்ப அதையே குடுங்க."

"உங்க பின் சக்கரம் ரொம்ப அகலம். அந்த அளவுல வர்றதில்ல."

"பின்ன எதுக்குச் சொன்னீங்க?"

"நாலு சக்கரத்தையும் சின்னதா மாத்தினா வரும். ஆனா வண்டி பார்க்க லட்சணமா இருக்காது."

எண்களும் எழுத்துகளும் நிறைந்த ஒரு தாளோடு அவள் வெளியே வந்தாள். அதை இரண்டு முறை படித்தாள். ஒன்றும் விளங்கவில்லை.

கடைசியில் தம்பி ஏவால்ட் சொன்னதுதான் அவளுக்குப் புரிகிற மாதிரி இருந்தது. "இந்த வண்டியைத் தள்ளுறது பின் சக்கரம்தானே? பின்னால இப்ப இருக்கிற பனி டயரே இருக்கட்டும். முன்னால கோடை டயர் போட்டுரு. ரெண்டுக்கும் ஆச்சு!" தன் கொட்டகையிலேயே மாற்றியும் கொடுத்தான். இரண்டு வாரம் வண்டி நன்றாகத்தான் ஓடியது.

ஏப்ரல் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மலை மேலிருந்து ஸ்வென்யாவுக்கு வலி கண்டுவிட்டது என்று போன் வந்தது. இரண்டாவது பிள்ளை, வீட்டிலேயே பிரசவம். கெர்லிண்ட் கிளம்பினாள். பாதி வழியில் பனி பிடித்துக்கொண்டது. ஆனாலும் வண்டி ஏற்றத்தில் ஜம்மென்று ஏறியது. தம்பியை மனதுக்குள் மெச்சிக்கொண்டாள்.

மாதா கோயில் வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினாள். வண்டி திரும்பவில்லை. இன்னும் திருப்பினாள். வேறு யாரோ ஓட்டுகிற மாதிரி அது நிதானமாக, நேராகப் போய் வேலிச் செடிக்குள் மூக்கை நுழைத்து நின்றது. அடி ஒன்றும் இல்லை. அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திருப்பினேனா, இல்லையா?

போன் செய்ததும் ஸ்வென்யாவின் மாமனார் லோரென்ஸ் டிராக்டரில் வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"முன்னால ஆகஸ்ட், பின்னால ஜனவரி. திருப்புற சக்கரத்துல பிடிப்பே இல்ல. நீங்க எந்த மாசத்துல ஓட்டிட்டு இருக்கீங்க, ஃப்ராவ் தேலன்?"

"எனக்கே தெரியல லோரென்ஸ். வலி எத்தனை நிமிஷத்துக்கு ஒருதரம் வருது?"

"நாலு."

"அப்ப டயரை விடுங்க. பெட்டியைத் தூக்குங்க."

டிராக்டரில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். பதினொன்றே காலுக்குப் பெண் குழந்தை பிறந்தது, நல்ல குரல். எல்லாம் முடிந்து கை கழுவும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. எதிரே ஒரு வண்டி வந்திருந்தால்? ஸ்வென்யா தனக்காகக் காத்துக் கிடந்திருப்பாளே! வெகுநேரம் குழாயை மூடாமல் நின்றாள்.

"நீ வேகமாப் போயிருப்பே," என்றான் சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட ஏவால்ட்.

"சைக்கிள் வேகம்டா."

அவன் மறுநாள் தானே வந்து பம்பரில் சிக்கியிருந்த முள்ளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கினான்.

அவள் மறுபடி ஹன்ஸ்யோர்க்கிடம் போனாள். "லட்சணம் போனாப் போகட்டும். சின்ன சக்கரமே போடுங்க. நாலும் ஒரே மாதிரி இருக்கணும். எனக்குப் புரிஞ்சது அது ஒண்ணுதான்."

"சொல்லிடறேன், நல்ல வெயில்ல கொஞ்சம் மந்தமா இருக்கும். கடும் பனிக்கு இதுவும் போதாது."

"அப்ப இது எதுக்குத்தான் நல்லது?"

அவர் யோசித்தார். "எல்லாத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம்."

போட்டுக்கொண்டாள். ஜூன் மாத வெயிலில் வளைவுகளில் கார் லேசாகத் தள்ளாடுவதுபோல் இருந்தது. அது டயரின் குறையா, தன் பயமா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கடும் பனி நாட்களில் காரை எடுக்கவே மாட்டாள். யாரையாவது வந்து அழைத்துப் போகச் சொல்லிவிடுவாள். சரியானதைத்தான் தேர்ந்தெடுத்தாளா என்பது அவளுக்கு இன்றுவரை நிச்சயமில்லை. ஏற்றத்து வளைவுகளில் மட்டும் முன்னைவிட மெதுவாகப் போகிறாள்.