இரண்டா, ஐந்தா?

பட்டறையில் அவரை எல்லோரும் ‘நிதானம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷம் லாரி இன்ஜின்களை மட்டுமே பிரித்துப் பூட்டியவர். ராணுவ வண்டிகளின் இன்ஜின்களைப் பார்க்கும் கொட்டகைக்கு மாற்றி மூன்று மாதம் ஆகிறது. மூன்று மாதம் பார்ப்போம், சரிவரவில்லை என்றால் கழுவுகிற பிரிவுதான் என்று ஃபோர்மேன் அப்போதே சொல்லியிருந்தார். கழுவுகிற பிரிவு என்றால் நாள் முழுக்க டீசல் தொட்டியில் கை. அந்தக் கெடுவின் கடைசி நாள் இன்று.

தொல்லை இன்ஜினில் இல்லை, எண்ணுவதில் இருந்தது. இங்கே எல்லாமே ஆறு சிலிண்டர். லாரி இன்ஜினுக்கு ஃபேன் பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். இந்த ராணுவ இன்ஜினுக்கு மறுகோடியில், ஃப்ளைவீல் பக்கத்திலிருந்து. அந்தத் தலைகீழ்க் கணக்கு மண்டைக்குள் புகுந்து, வீட்டில் சட்டைப் பொத்தானைக் கூடக் கீழேயிருந்து போட ஆரம்பித்துவிட்டார்.

“உங்களுக்கு என்னதான் ஆச்சு?” என்றாள் மனைவி.

“எந்தப் பக்கத்திலேருந்து கேக்கற?” என்றார்.

காலையில் சோதனை அறையிலிருந்து ஓர் இன்ஜின் திரும்பி வந்தது. கூடவே ஒரு சீட்டு: ‘மிஸ்ஸிங். 2.’ ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். எழுதியவன் மனைவியின் தம்பி. நிதானம் கவனமாக ஃப்ளைவீல் பக்கத்திலிருந்து இரண்டு எண்ணி, அந்தச் சிலிண்டருக்கு டீசல் பீய்ச்சும் இன்ஜெக்டரை மாற்றி அனுப்பினார். மதியத்துக்குள் இன்ஜின் மறுபடி வந்து நின்றது. இந்தத் தடவை சீட்டில் ‘5’.

தலை சுற்றியது. மச்சினன் ஒருவேளை லாரிக் கணக்கில் எழுதுகிறானோ? ஃபேன் பக்கத்திலிருந்து ஐந்து எண்ணினார். விரல் போய் நின்றது, காலையில் அவரே மாட்டிய புத்தம்புது இன்ஜெக்டரின் மேல்.

ஸ்பேனரோடு நேராகச் சோதனை அறைக்குப் போனார்.

“மாப்ள, நீ எந்தப் பக்கத்திலேருந்துடா எண்ணற?”

“நீங்க லாரிக்காரராச்சேன்னு காலையில உங்க கணக்குல ரெண்டுன்னு எழுதினேன் மாமா. சரியாகலை. சரி, மாமா மிலிட்டரிக் கணக்குக்கு மாறிட்டார் போலன்னு இப்ப அஞ்சுன்னு போட்டேன்.”

“நான் காலையிலேயே மாறிட்டேன். உன் சீட்டைப் பாத்துட்டுத்தான் இப்ப லாரிக் கணக்குக்கே திரும்பினேன்.”

“அப்ப இப்ப எந்தப் பக்கம் இருக்கீங்க?”

“தெரிஞ்சா உங்கிட்ட ஏன் வர்றேன்?”

இன்ஜினை மேடையில் ஏற்றி ஓட்டினார்கள். நிதானம் இந்த முறை எண்ணவே இல்லை. டீசல் குழாய்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, சத்தம் தடுமாறியதும் இறுக்கிக்கொண்டே போனார். ஒன்றைத் தளர்த்தியபோது மட்டும் சத்தம் மாறவில்லை; வேலையே செய்யாத சிலிண்டருக்கு டீசல் வந்தாலும் ஒன்றுதான், நின்றாலும் ஒன்றுதான். “இதான்” என்றார்.

“மாமா, இது எத்தனாவது...”

“வாயைத் தொறந்தே, அடிப்பேன்.”

இன்ஜெக்டர் மாறியது. இன்ஜின் சீராக ஓடியது. ஃபோர்மேன் வந்து சத்தத்தைக் கேட்டுவிட்டுப் படிவத்தை நீட்டினார். அதில் ‘பழுதான சிலிண்டர் எண்’ என்றொரு கட்டம். இரண்டு என்றால் எவருடைய இரண்டு? ஐந்து என்றால் எவருடைய ஐந்து? பேனாவைக் கடித்த நிதானம், கடைசியில் ஆறு வட்டம் போட்டு, ஒரு கோடியில் ஃபேன் வரைந்து, அங்கிருந்து இரண்டாவது வட்டத்தைக் கறுப்பாக்கினார்.

ஃபோர்மேன் தாளை நேராகப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். “இது என்னய்யா, பூச்சியா?”

“ஃபேன் சார்.”

“நாளைக்கும் இங்கயே வாங்க” என்று கையெழுத்துப் போட்டவர், கதவு வரை போய்த் திரும்பி வந்தார். “ஆமா, அது ரெண்டா, அஞ்சா?”

நிதானம் மச்சினனைப் பார்த்தார். மச்சினன் கூரையைப் பார்த்தான்.