பத்துத் தள்ளலும் ஒரு லிட்டரும்

என் இரண்டாவது மருமகள் சோப்புத் திரவம் செய்கிற கம்பெனியில் இயந்திரத்துக்குப் புரோகிராம் எழுதுகிறவள். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவோம் என்று சொல்லியிருந்தார்கள். இது அந்த மூன்று மாதத்தின் கடைசி வாரத்தில் நடந்தது. அவள் சொன்னதைச் சொல்கிறேன், ஒன்றும் கூட்டவில்லை.

குழாய் ஒரு தள்ளலுக்கு நூறு மில்லி ஊற்றும். ஒவ்வொரு தள்ளலுக்கும் லிட்டர் கணக்கில் புள்ளி ஒன்று, அதாவது பத்தில் ஒன்று, கூட்டு, பாட்டிலின் அளவு வந்ததும் நிறுத்து என்று எழுதியிருந்தாள். முந்தின நாள் அரை லிட்டர் பாட்டில்கள் ஒழுங்காக நிரம்பின. அன்று காலை ஒரு லிட்டர் பாட்டில் வைத்தார்கள். நிற்கவே இல்லை. கணுக்கால் வரை நுரை. மேஸ்திரி வழுக்கிக்கொண்டே வந்து சுவிட்சை அணைத்தார்.

"ஏம்மா, பாட்டிலை நிரப்பச் சொன்னா ரூமை நிரப்பறே?"

"பத்துத் தள்ளல்ல நின்னிருக்கணும் சார்."

"அதை என்கிட்ட ஏன் சொல்றே, மெஷின்கிட்ட சொல்லு. மத்தியானம் முதலாளி வர்றப்ப நிக்கலேன்னா நாளைக்கு நீ வர வேண்டாம்."

குழாயைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு தள்ளலுக்கும் கணக்கைத் திரையில் காட்ட வைத்தாள். பத்தாவது தள்ளலில் ஒன்று என்று காட்டவில்லை. புள்ளிக்குப் பின்னால் ஒன்பது ஒன்பதாக நீண்ட வரிசை. அடுத்த தள்ளலில் ஒன்றைத் தாண்டிவிட்டது. சரியாக ஒன்று வரட்டும் என்று இயந்திரம் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒன்றை மூன்றாகப் பிரித்தால் மூன்று மூன்றாக முடிவில்லாமல் வருமாமே, இயந்திரத்துக்குப் பத்தில் ஒன்று அப்படியாம். எழுதி முடியாது, எங்கோ வெட்டிவிடும். அரை லிட்டருக்கு ஐந்தே தள்ளல், அதில் அந்த வெட்டு தற்செயலாகச் சரிக்கட்டிக்கொண்டதாம்.

புரோகிராமில் லிட்டர் கணக்கை அழித்தாள். தள்ளலை மட்டும் முழு எண்ணில் எண்ணச் சொன்னாள். பத்து வந்தால் நில். முதலாளி வந்தார். பாட்டில் கழுத்து வரை நிரம்பியது, நின்றது. இரண்டாவதும் நின்றது. இருபது பாட்டில் பார்த்துவிட்டுத் தலையாட்டிப் போனார்.

"வேலை உனக்குத்தான். முதல்ல இந்த நுரையைக் கழுவு" என்றார் மேஸ்திரி.

"சோப்பை எதைப் போட்டு சார் கழுவறது?"

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவள் இதைச் சொன்னபோது நான் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. பத்தில் ஒன்றைப் பத்துத் தடவை சேர்த்தால் ஒன்றுதான், அந்த இயந்திரம் மக்கு என்றேன்.

"நானும் அப்படித்தான் நம்பினேன் அத்தை" என்றாள், ஈரச் செருப்பைக் கழற்றிக்கொண்டே. "அதனாலதான் வழிஞ்சது."