பக்கத்துக்குள் நான் எழுதிய ஜாவா

இணையப் பக்கத்துக்குள்ளேயே ஜாவா நிரல் வரிகளை எழுதுவதில் எனக்கு அசட்டுப் பெருமை ஒன்று இருந்தது. ஒரு சதவீதக் குறியைப் போட்டு அடைப்பைத் திறந்தால் போதும், தகவலை எடுப்பது, வடிகட்டுவது, காட்டுவது எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். டேக் லைப்ரரிக்கு மாறலாம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அந்த முறையில் ஜாவாவைத் தனிக் கோப்பில் வைத்துவிட்டு, பக்கத்தில் அதைக் கூப்பிடும் சிறு பெயரை மட்டும் எழுத வேண்டும். "ஜாவா தெரிஞ்சவனுக்கு எதுக்குங்க இன்னொரு பாஷை?" என்று பேச்சை முடித்துவிடுவேன். எட்டுப் பேர் ஆபீஸில் ஜாவா தெரிந்தவன் நான் ஒருவன்தான். எதிர்த்துப் பேச ஆளில்லை.

பக்கங்களின் தோற்றத்தைக் கவனித்தவர் போத்தனூரிலிருந்து வரும் ஒரு பெண். பிள்ளைகளுக்காக ஏழு வருடம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலைக்கு வந்தவர். எந்தக் கட்டம் எங்கே இருந்தால் கண்ணுக்கு இதம் என்பது அவருக்குத் தெரியும். ஜாவா தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

ஒரு பம்ப் கம்பெனிக்கு டீலர்கள் பார்க்கும் பக்கம் செய்துகொண்டிருந்தோம். நான் மோட்டாரின் குதிரைத்திறன் கட்டத்தை மேலே வைத்து, போர்க்கிணற்றின் ஆழக் கட்டத்தைக் கீழே வைத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை கம்பெனிக்காரர் போன் செய்தார். நான் உக்கடத்தில் பஸ்ஸுக்குள் மாட்டிக்கொண்டிருந்தேன். போனை எடுத்தது அந்தப் பெண்.

"ஏனுங்க அம்மணி, எங்க விவசாயிங்க எத்தன ஹெச்பின்னு கேக்க மாட்டாங்க. போர் எத்தன அடின்னுதான் ஆரம்பிப்பாங்க. அடிக் கட்டத்த மேல தூக்கி வெச்சுப்போடுங்க. பத்தரைக்கு ராகு காலம், அதுக்கு முன்னால ஏத்திப்போட்டீங்கன்னா நல்லதுங்க."

நியாயமான கோரிக்கை. அந்தப் பெண் கட்டத்தை வெட்டி மேலே ஒட்டி, பத்து இருபதுக்கு சர்வரில் ஏற்றிவிட்டார். இந்த வகைப் பக்கம் ஏற்றும்போது ஒன்றும் சொல்லாது. முதல் ஆள் திறக்கும்போதுதான் பிழை தெரியும். முதலில் திறந்தவர் கம்பெனிக்காரர், டீலர்கள் நிறைந்த ஹாலில், பெரிய திரையில். பம்ப் வரவில்லை. திரை முழுக்க ஆங்கிலத்தில் பிழைச் செய்தி வந்தது.

மோட்டார்களின் பட்டியலை நான் குதிரைத்திறன் கட்டத்துக்குள் எடுத்து வைத்திருந்தேன். ஆழக் கட்டம் அதையே வாங்கிப் பயன்படுத்தியது. பக்கம் மேலிருந்து கீழாகத்தான் ஓடும்; வாங்குகிற கட்டம் மேலே போனதும் அதற்குப் பட்டியல் இல்லாமல் போயிற்று. இதை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை.

எங்கள் ஆபீஸ் முதலாளி இருவரையும் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்டார். நான் முந்திக்கொண்டேன். "கை வெக்கறதுக்கு முந்தி என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கோணுமுங்க."

அந்தப் பெண் "சரிங்ண்ணா" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து அவர் கோப்புகளைத் திறக்கக் கூடாது என்று ஆயிற்று. பக்கத்தை அச்செடுத்து, கத்தரிக்கோலால் கட்டங்களை வெட்டி, வேண்டிய வரிசையில் பசை போட்டு ஒட்டி, என் மேசையில் வைப்பார். அதைப் பார்த்து நான் மாற்றுவேன். இரண்டு மாதம் இப்படி ஓடியது. எனக்கு அது வசதியாகவே இருந்தது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பிறகு ஒரு நாள் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒட்டறதுக்கு ஒரு ஆளு, அதப் பார்த்து மாத்தறதுக்கு ஒரு ஆளுங்களா தம்பி? அந்த அம்மணிய இந்த மாசத்தோட நிறுத்திக்கலாமுங்களா?"

அப்போதும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு வாரம் டைம் கேட்டேன்.

அந்த வாரம் முழுக்க, பக்கங்களிலிருந்த என் ஜாவாவை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெளியே வைத்தேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு டேக். தனக்கு வேண்டியதை அதுவே எடுத்துக்கொள்ளும். டேக்கிலும் தொல்லை இருக்கிறது. உள்ளே ஒரு பெயரைத் தப்பாகக் கொடுத்தால் சில சமயம் சத்தமே போடாமல் வெற்றிடத்தைக் காட்டும். அதற்காக இன்றைக்கும் அதைத் திட்டுகிறேன். ஆனால் ஒரு கட்டத்தை நகர்த்தியவரைக் குற்றவாளியாக்குவதில்லை.

முடித்ததும் முதலாளியிடம் போய்த் தப்பு என்னுடையது என்று சொன்னேன். "அம்மணி இருக்கட்டும். அவங்ககிட்டச் சொல்லீட்டீங்களா?" என்றார்.

சொல்லியிருக்கவில்லை. நேராக அந்தப் பெண்ணின் இடத்துக்குப் போய்க் கோப்பைத் திறந்து, எதை வேண்டுமானாலும் நகர்த்திப் பார்க்கச் சொன்னேன். அவர் தயங்கித் தயங்கி ஒன்றை மேலே ஏற்றினார். பக்கம் திறந்தது. இன்னொன்றைக் கீழே இறக்கினார். அதுவும் திறந்தது.

"அப்ப அன்னைக்கு நான் பண்ணுனது தப்பில்லீங்களாண்ணா?"

"இல்லீங்க. தப்பு என்னுது. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

அவர் கோபப்படவில்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "ஊட்டுல எல்லார்த்துகிட்டயும் நான் பண்ணுன தப்புன்னுதானுங்க சொல்லி வெச்சிருக்கறேன்."