விளக்கு போட்டால் திறந்த சன்னல்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்ட சமயம். புதுச்சேரியில் உப்பளம் என்கிற பகுதியில் ஒரு குறுகலான தெருவில், மாடி வீட்டில் நானும் என் கணவரும் வாடகைக்கு இருந்தோம். எல்.இ.டி. விளக்கு செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் எனக்கு டிசைன் வேலை. பேய், பிசாசு என்றால் சிரிக்கிற ஆள் நான். எனக்கு இருந்த ஒரே பயம் பல்லிதான். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த வீறாப்பெல்லாம் ஒரே வாரத்தில் காற்றில் பறந்துவிட்டது.

என் அக்கா கல்யாணமாகிப் போனது பிரான்சுக்கு. எங்கள் ஊரில் இது அதிசயமில்லை. ஆனால் அங்கே பனிக்காலம் வந்தால் சூரியன் ஒழுங்காகத் தலைகாட்டாது. அந்த மாதங்களில் அவளுக்கு மனசு அப்படியே அமுங்கிப்போகும். எழுந்திருக்கப் பிடிக்காது, பேசப் பிடிக்காது. டாக்டர் ஒரு விளக்கு வாங்கச் சொன்னாராம். காலையில் எழுந்ததும் அதன் முன்னால் அரைமணி நேரம் உட்கார வேண்டும். நல்ல பலன் இருந்தது. ஆனால் விளக்கு சூட்கேஸ் அளவு, அக்காவுக்கோ ஊர் ஊராகப் போகிற வேலை. "கைப்பையில போட்டுகினு போற மாதிரி ஒண்ணு செஞ்சி குடுடி, நீதான் பெரிய டிசைனராச்சே" என்றாள். கிண்டலாகத்தான் சொன்னாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

செய்ய ஆரம்பித்த பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. வெளிச்சத்தைக் கூட்டினால் பாட்டரி சுட்டது. பாட்டரியைக் காப்பாற்றினால் வெளிச்சம் பத்தவில்லை. முன்னால் ஒட்டுகிற பால்வெள்ளைத் தகட்டை மெல்லிசாக வைத்தால் கண் கூசியது, கனமாக வைத்தால் விளக்கே மங்கியது. ஒரு வழியாக டிபன் பாக்ஸ் அளவுக்கு, மடக்கி வைக்கிற மாதிரி ஒன்று தேறியது. அதைத் தினமும் விடியும் முன் என் மேல்தான் சோதித்துப் பார்த்தேன். தெருப்பக்க அறையில் சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, எதிரே மேஜையில் விளக்கை வைத்துக்கொள்வேன்.

"வெயில்ல கருகிப்போற ஊர்ல உக்காந்துகினு விளக்குல வெயில் காயறா பாரு" என்று என் கணவர் காப்பியோடு வந்து கேலி செய்துவிட்டுப் போவார். அப்படி உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் எனக்கு முதுகு லேசாகக் குறுகுறுக்கும். ஈரக்காற்று என்று நினைத்துக்கொண்டேன்.

முகத்தில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்ப்பதற்காக ஒருநாள் செல்போனை விளக்குக்குப் பக்கத்தில் நிறுத்தி என்னையே வீடியோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். சாயங்காலம் அவள் கூப்பிட்டாள். விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"உன் பின்னாடி, எதிர் வீட்ல, யாருடி அது?"

எதிர் வீட்டில் யாரும் கிடையாது. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தாவின் பழைய வீடு அது. நாங்கள் குடிவந்த நாளிலிருந்து முன்கதவில் துருப்பிடித்த பூட்டு தொங்கியது. மாடியில் பழைய மரச் சன்னல். குறுக்கே பலகைகள் வரிசையாக இருக்கும், நடுவில் உள்ள கட்டையை அசைத்தால் எல்லாம் ஒன்றாகத் திறக்கும், ஒன்றாக மூடும். அது திறந்து நான் பார்த்ததே இல்லை.

வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். என் முகம், அதற்குப் பின்னால் சன்னல், அதற்கும் பின்னால் எதிர் வீட்டுச் சுவரில் பெரிதாக என் நிழல். நான் விளக்கைப் போட்ட கொஞ்ச நேரத்தில் அந்தப் பலகைகள் மெதுவாகத் திறந்தன. கடைசியில் விளக்கை அணைக்கக் கை நீட்டுகிறேன். வெளிச்சம் போவதற்குள் அவை மூடத் தொடங்கியிருந்தன.

காற்றாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் காற்றே இல்லை. விளக்கைச் சன்னல் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஓரமாக நின்று பார்த்தேன். போட்டேன். திறந்தது. அணைத்தேன். மூடிக்கொண்டது. மறுபடி போட்டேன். கொஞ்சம் தயங்கி, மறுபடி திறந்தது. பலகை இடுக்கில் இருட்டைத் தவிர எதுவும் தெரியவில்லை. ஆனால் அந்த இருட்டு என்னைப் பார்க்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

கீழே இருந்த வீட்டுக்கார அம்மாவிடம் ஜாடையாக விசாரித்தேன். அவர் வாசல் தெளித்துக்கொண்டிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்த வீட்லயா? யாரும் இல்லியேம்மா. சொல்தா சம்சாரம் இருந்தாங்க, மதாம்னுதான் கூப்புடுவோம். அவங்க செத்தப்பறம் பூட்டுனதுதான். பொண்ணு பிரான்சுல இருக்குது. ஏம்மா, எதனா பாத்தியா?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மதாம் எந்நேரமும் அந்தச் சன்னல்லதான் உக்காந்திருப்பாங்க" என்றார்.

அவ்வளவுதான். அன்றைக்கே விளக்கையும் மேஜையையும் பின்பக்கச் சமையலறைக்கு இழுத்துப் போட்டேன். தெருப்பக்கச் சன்னலைச் சாத்தி, மேலே ஒரு போர்வையும் தொங்கவிட்டார் என் கணவர். "பேய் இல்லைன்னு சொன்ன ஆளு எங்க?" என்று கேட்கிற தைரியம் அவருக்கும் இல்லை.

நான்கைந்து நாள் போயிருக்கும். மழை சற்று ஓய்ந்ததே என்று துணி எடுக்கப் பால்கனிக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். எதிர் வீட்டுச் சன்னல் இரண்டு கதவும் சுவரோடு சாய்ந்து, அகலமாகத் திறந்து கிடந்தது. உள்ளே கரிய இருட்டு. மத்தியானம் அப்படியே இருந்தது. சாயங்காலம் மழை வலுத்து, சாரல் நேராக அந்த அறைக்குள் அடித்தது. அப்போதும் சாத்தவில்லை.

பயத்தை மீறி எனக்கு ஒன்று உறுத்தியது. விளக்கை அணைத்தால் மூடத் தெரிந்த கை, மழைக்கு மூடாமல் விடுமா?

"ஏங்க, அங்க ஆள் இருக்காங்க. மூட முடியாம இருக்காங்க" என்றேன்.

"நீ எங்கயும் போக வேணாம்" என்றவர், நான் படியிறங்கியதும் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். நான் கையில் எடுத்துக்கொண்டது என் விளக்கைத்தான். அக்காவின் கைப்பைக்காகச் செய்த விளக்கு முதன்முதலாக வெளியே போனது அந்த வீட்டுக்குத்தான்.

பின்சந்தில் ஒரு சின்னக் கதவு, தள்ளியதும் திறந்துகொண்டது. உள்ளே கரண்ட் இல்லை. விளக்கைத் தூக்கிப் பிடித்தேன். பகல் போல வெளிச்சம், ஆனால் அந்த வெளிச்சத்தில்தான் அந்த வீடு இன்னும் பயமாக இருந்தது. வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகள். தரையெல்லாம் தூசி, அந்தத் தூசியில் வெறுங்காலின் தடங்கள். எல்லாம் மாடிப்படியை நோக்கிப் போயின. மேலே சன்னலோரம் ஒரே ஒரு நாற்காலி, துணி விலக்கப்பட்டு, எங்கள் சன்னலைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. அது காலியாக இருந்தது.

அதன் கீழே, மழைத் தண்ணீரில், நரைத்த தலையோடு ஓர் அம்மா சுருண்டு கிடந்தார். என் கணவர் "இயேசுவே" என்று கத்தினார். எங்கள் வீட்டில் யாரும் கிறிஸ்தவர்கள் இல்லை.

நெற்றியைத் தொட்டேன். கொதித்தது. வெளிச்சம் பட்டதும் அவர் கண்ணைத் திறந்தார். விளக்கைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"வந்துட்டியா… நாலு நாளா விளக்கு போடலியே. உனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சின்னு…" என்றார். கண் மறுபடி மூடிக்கொண்டது.

டெங்கு என்றார்கள் ஆஸ்பத்திரியில். இன்னும் ஒரு ராத்திரி விட்டிருந்தால் கஷ்டம்தான் என்றும் சொன்னார்கள். ஓடி வந்து பார்த்த வீட்டுக்கார அம்மா ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். அது அந்த மதாமின் மகள்.

உடம்பு தேறிய பிறகு அவரே எல்லாம் சொன்னார். கணவர் பிரான்சில் இறந்துபோக, யாரிடமும் சொல்லாமல் இங்கே வந்துவிட்டிருக்கிறார். துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்லத் தெம்பில்லை. பின்கதவு வழியாகப் போய் வந்து, வாங்கி வந்த பன்னையும் கிணற்றுத் தண்ணீரையும் வைத்துக்கொண்டு இருட்டிலேயே கிடந்திருக்கிறார். அப்போதுதான் ஒரு விடியலில் என் விளக்கைப் பார்த்திருக்கிறார். அவருக்கு அந்த மாதிரி விளக்கு நன்றாகத் தெரியும். அக்காவுக்கு வந்த அதே நோய்தான் அவர் கணவருக்கும். பனிக்காலம் முழுக்க அதன் முன்னால்தான் உட்கார்ந்திருப்பாராம். ஒருநாள் காலையில் கணவர் விளக்கைப் போடவில்லை. தூங்கட்டும் என்று இவர் விட்டுவிட்டார். அன்றைக்குத்தான் கணவர் இறந்துபோனது. எப்படி என்று நான் கேட்கவில்லை.

அதனால்தான் எங்கள் சன்னல் நாலு நாளாக இருண்டே கிடந்ததும் காய்ச்சலோடு எழுந்து, கதவுகளைத் தள்ளித் திறந்து, என்னைக் கூப்பிடப் பார்த்திருக்கிறார். குரல் எழும்பவில்லை, விழுந்துவிட்டார். பேய் என்று நான் போர்வை தொங்கவிட்டு ஒளிந்துகொண்ட அந்த நாட்களில், எனக்கு என்ன ஆயிற்றோ என்று அவர் தவித்துக்கொண்டிருந்திருக்கிறார். இதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒருநாள், தொழில் புத்தி போகாமல், அவர் நாற்காலியில் உட்கார்ந்து வெளிச்சத்தை அளக்கும் மீட்டரைப் பிடித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டு விளக்கு அங்கே வந்து சேர்வதற்குள் ஒன்றுமில்லாமல் போயிருந்தது. பேப்பர் படிக்கக்கூடக் காணாது. "இந்த வெளிச்சத்துக்கா தினமும் எழுந்து உக்காந்தீங்க?" என்று கேட்டேன்.

"வெளிச்சத்த யாரு பாத்தா? உன் முதுகைத்தான் பாத்துகினு இருந்தேன். அசையுதா, இல்லியான்னு."

அக்காவுக்கு விளக்கு போய்ச் சேர்ந்து நாளாகிறது. "தேவலாம்டி" என்றாள், அவள் வாயில் அது பெரிய பாராட்டு. எதிர் வீட்டுக்குக் கரண்ட் வந்துவிட்டது, முன்கதவுப் பூட்டும் போய்விட்டது. புதுசாக எந்த விளக்கு செய்தாலும் நான் பழையபடி தெருப்பக்கச் சன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறேன். கொஞ்ச நேரத்தில் பின்னால் அந்த மரப்பலகைகள் திறக்கும் சத்தம் கேட்கும், என் முதுகு குறுகுறுக்கும். அந்தக் குறுகுறுப்பு இல்லாத ஒரு காலை வந்துவிடக் கூடாதே என்றுதான் இப்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன்.