கடைசிப் பாட்டின் கடைசி நிமிஷம்

மகள் மதியம் கொடைக்கானலில் மதுரை பஸ் ஏறினாள். காலையிலிருந்து விடாத மழை. என் போனில் அவள் போகும் வழியைக் காட்டும் நீலப் புள்ளி பெருமாள்மலை தாண்டியதும் அசையாமல் நின்றுவிட்டது. அங்கே சிக்னல் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? காதில் எதையாவது மாட்டிக்கொள்வோம் என்று பழைய ராக் ஆல்பம் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். முதல் கிதார் ஒலித்ததுமே ஈரப் பூண்டு வாடை வந்தது. சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான்.

பூண்டுக்குக் காரணம் என் அண்ணன். கவுஞ்சி மலைக் கிராமத்திலிருந்து பூண்டும் கேரட்டும் ஏற்றிக்கொண்டு அடிவாரத்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் வேன் அவனுடையது. நான் அப்போது கொடைக்கானலில் ஒரு கேசட் கடையில் வேலை பார்த்தேன். ஹாஸ்டல் பிள்ளைகள் கொண்டுவரும் ராக் கேசட்டுகளைப் பிரதி எடுத்துக் கொடுப்பதுதான் சோலி. பாட்டில் ஒரு வார்த்தைகூடப் புரியாது. ஆனால் எந்த ஆல்பத்தையும் கடைசிப் பாட்டை வைத்துத்தான் எடை போடுவேன், பெரிய விமர்சகி மாதிரி. முதல் பாட்டில் எல்லாரும் கத்திக் காட்டுவார்கள். கத்தி ஓய்ந்தபின், மெதுவாக, நீளமாக ஒன்று பாடுவார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு.

என்னிடமிருந்து அண்ணனுக்கும் அது தொற்றிக்கொண்டது. எங்கள் இருவருக்கும் பிடித்த ஆல்பத்தை ஒரு தொண்ணூறு நிமிஷ கேசட்டில் பதிந்து அவனுக்குக் கொடுத்தேன். ஆல்பம் அதைவிட ஒரு நிமிஷம் நீளம். டேப் அதுபாட்டுக்கு ஓடட்டும் என்று நான் சாப்பிடப் போயிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

வேன் கடையைத் தாண்டும்போது இரண்டு ஹாரன் அடிப்பான். அவன் அங்கே வேன் டேப்பின் பட்டனை அழுத்துவான், நான் இங்கே ஒரிஜினலை ஓடவிடுவேன். கடைசிப் பாட்டு முடிகிற நேரத்துக்கு அடிவாரம் சேர்ந்து, டீக்கடை பூத்திலிருந்து போன் போடுவான். "எறங்கிட்டேன்த்தா." அவ்வளவுதான், வைத்துவிடுவான். நடுவில் எத்தனை பேர் கடையில் நின்றாலும், எழுந்து கேசட்டைத் திருப்பிப் போட்ட பிறகுதான் எனக்கு வியாபாரம்.

ஓர் ஐப்பசி மழையில் கடைசிப் பாட்டு முடிந்து, டேப்பின் பட்டன் டக்கென்று மேலே எழும்பியது. போன் அடிக்கவில்லை. அந்தப் பாட்டை மட்டும் ரீவைண்ட் செய்து மறுபடி போட்டேன். பாட்டு முடியாதவரை நேரமும் ஆகவில்லை என்று ஒரு கிறுக்குக் கணக்கு. மறுபடி போட்டேன். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "காட் ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்காம்ங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுபடி போட்டேன்.

"ஏம்மா, டேப் அந்துரும். வேற ஏதாச்சும் போடு" என்றார் முதலாளி.

"அண்ணன் இன்னும் கூப்பிடலைங்க."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஏழாவது தடவை பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"ஏத்தா, நாந்தேன். ரோடு அடைச்சுக் கெடக்கு. வண்டிய விட்டுட்டு நடந்தே வந்து ஒரு கடையிலருந்து பேசுறேன்."

நான் அழுதுவிட்டேன்.

"அழுகாத. அங்க ஓடுறது நம்ம பாட்டா? கேக்கணும்னே இருந்தேன். அது எப்படித்தேன் முடியும்? என் கேசட்டுல பாதியிலயே நின்னுபோகுது."

அப்போதுதான் என் தப்பு எனக்குத் தெரிந்தது. ரிசீவரை ஸ்பீக்கரோடு ஒட்டிப் பிடித்தேன். கிதார் ஓய்ந்து, பாடியவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போகும் சத்தத்தோடு அது முடியும். பிறகு டக்.

"இம்புட்டுத்தானா?" என்றான் அண்ணன். "நான் என்னமோ பெருசா இருக்கும்னு நெனச்சேன்."

அந்தக் கடையில் இப்போது சாக்லேட் விற்கிறார்கள். அண்ணன் வேனைக் கொடுத்துவிட்டுத் தோட்டத்தோடு இருக்கிறான். காது மந்தம். நாம் கத்தினால்தான் கேட்கும். கேசட்டுகள் எங்கே போயினவோ.

இன்றும் அந்த நாற்காலிச் சத்தம் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு டக்குக்குக் காத்திருந்தேன். வரவில்லை. போன் தானாகவே வேறு யாருடைய பாட்டையோ தொடங்கிவிட்டது. அது முடிந்ததும் இன்னொன்று. நீலப் புள்ளி அங்கேயே நிற்கிறது. எந்தப் பாட்டிலிருந்து பயப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.