அப்பா ஒட்டிய ஒரேயொரு வயர்

எங்கள் அப்பாவுக்கும் மின்சாரத்துக்கும் என்றைக்குமே ஒத்துவந்ததில்லை. வீட்டில் பல்ப் எரியாவிட்டால் அம்மாதான் கதிரையில் ஏறிக் கழற்றுவார். கதிரையைப் பிடித்துக்கொண்டு "கவனம், கவனம்" என்று சொல்வது அப்பாவின் பங்கு. கப்பல் கம்பனியில் கணக்கெழுதும் மனிதருக்கு அதற்கு மேல் என்னத்துக்கு என்று அம்மாவும் விட்டுவிட்டார். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், இந்த அப்பாதான் ஒருநாள் பொலிஸ் நிலையத்தில் நின்றுகொண்டு, ரிமோட்டில் ஓடும் விளையாட்டுக் காரொன்றைத் தன் கையாலேயே செய்ததாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

காரைச் செய்தது சின்னம்மா. அம்மாவின் கடைசித் தங்கை. தொண்ணூறுகளின் பின்பாதியில், யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைவரை கப்பலிலும் பிறகு பஸ்ஸிலுமாக எங்களிடம் வந்து சேர்ந்தவர். மாப்பிள்ளை கனடாவில். விசா வரும்வரை கொழும்பு வெள்ளவத்தையில் எங்களோடு இருப்பதாக ஏற்பாடு. விசாவோ இந்தா வருகிறது, அந்தா வருகிறது என்று இழுத்துக்கொண்டே போனது. வெளியூரிலிருந்து வந்து தங்கும் தமிழர் பதியவேண்டும் என்ற விதிப்படி, சின்னம்மாவின் பெயரைப் பொலிசில் பதிந்து துண்டும் வாங்கியிருந்தோம். ஆனாலும் அப்பா அவரைத் தனியே காலி வீதி என்ற பெருந்தெருப் பக்கம் விடமாட்டார். ஆகவே வெங்காயம் உரிப்பதும் எனக்குத் தலை பின்னுவதும் ஜன்னலால் கடலைப் பார்ப்பதும்தான் அவருக்குக் கிடைத்த வேலைகள். மூன்றும் அவருக்குப் பிடிக்காது. என்னுடைய பின்னல்களைப் பார்த்தாலே தெரியும்.

அந்த நேரத்தில்தான் லண்டனிலிருந்து பெரியப்பா வந்தார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் சூட்கேசில் மேல்தட்டில் சொக்லேற்றும் வாசனைச் சவர்க்காரமும் இருக்கும். அடித்தட்டில் அவர்களுடைய பிள்ளைகள் வேண்டாமென்று கழித்தவை இருக்கும். பெரியப்பாவின் அடித்தட்டிலிருந்து ஒரு கார் வந்தது. அவருடைய மகன் எண்பதுகளின் தொடக்கத்தில், சிறுவனாக இருந்தபோது ஓட்டியது. பகி என்று பெயராம், மணலில் ஓட்டுவதாம். கறுப்புச் சட்டம், முள்ளுமுள்ளாய்ப் பிடிப்பு வைத்த கொழுத்த பின்சக்கரங்கள், சுருள் வில்லுகள், உள்ளே தலைக்கவசம் போட்ட ஓட்டுநர். ஓட்டுநருக்குக் கைகள் இல்லை. காருக்கு முன்சக்கரங்களும் மோட்டாரும் ரிமோட்டும் இல்லை.

"ஷோகேசுக்குள்ள வையுங்கோ, வடிவாயிருக்கும்," என்று பெரியப்பா தாராள மனதோடு சொன்னார்.

சின்னம்மா அதைக் கவிழ்த்துப் பார்த்தார். தூசியை ஊதினார். "இதை ஓட்டலாம்," என்றார்.

அவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லாமல், போர்த்தடையால் பற்றரியும் வராமல் இருந்த காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து ரேடியோவுக்கு வயர் இழுத்துச் செய்தி கேட்பார்களாம். அவர்கள் வீட்டில் அந்த வேலை சின்னம்மாவுடையது. செய்தி பாதியில் நின்றால் அயலட்டை முழுவதும் சேர்ந்து அவரைத்தான் ஏசுமாம். அப்படிப் பழகிய கை.

கோட்டைப் பக்கம் நடைபாதைக் கடையொன்றில் அப்பா எனக்கு மலிவான புதுச் சீன ரிமோட் கார் ஒன்று வாங்கி வந்தார். அதை நான் ஆசைதீரப் பார்க்கும் முன்பே சின்னம்மா பிளந்து, ரிமோட்டையும், ரிமோட் சொல்வதைக் கேட்கும் சிறு தகட்டையும் எடுத்துக்கொண்டார். நான் அழுதேன். மோட்டாருக்காக ஒரு சனிக்கிழமை அம்மாவும் சின்னம்மாவும் நானும் மருதானைக்குப் போனோம். பழைய மின்சாமான் கடைக்காரரிடம் சின்னம்மா தனக்குத் தெரிந்த இரண்டு மூன்று சிங்களச் சொல்லை வைத்துக்கொண்டு, "லொக்கு, லொக்கு", பெரிது பெரிது என்று கையை விரித்துக் காட்டினார். அவர் மிகப் பெரிதாக ஏதோ கேட்கிறார் என்று நினைத்த முதலாளி தண்ணி மோட்டார் ஒன்றைத் தூக்கி வைத்தார். கடைசியில் உடைந்த துளைகருவி ஒன்றின் மோட்டார் அகப்பட்டது. முன்சக்கரங்களைத்தான் எங்கும் காணோம். கனடாவுக்கென்று வாங்கி வைத்திருந்த புதுச் சூட்கேசைச் சின்னம்மா கவிழ்த்து, அதிலிருந்த இரண்டு சக்கரங்களையும் கழற்றினார்.

"அப்ப கனடாவுக்குத் தலையில சுமந்து கொண்டோ போகப்போறாய்?" என்று அம்மா கத்தினார்.

"விசா வரட்டும் அக்கா. திருப்பிப் பூட்டிவிடுறன்."

சீனத் தகட்டிலிருந்து வரும் மின்சாரம் அந்தப் பெரிய மோட்டாரைச் சுற்றப் போதவில்லை. அதற்காக நடுவில் ரிலே என்றொரு சிறு பெட்டியை வைத்தார். "சின்னக் கரண்ட் வந்து பெரிய கரண்டுக்குக் கதவு திறந்துவிடும். அவ்வளவுதான்," என்று எனக்கு விளங்கப்படுத்தினார். பட்டனை அழுத்தினால் முதலில் டிக் என்று கதவு திறக்கும் சத்தம், பிறகு கார் பாயும். சக்கரம் சிறிதானதால் மூக்கு கொஞ்சம் நிலத்தைப் பார்த்தபடி இருந்தது. எனக்கு அது உலகத்திலேயே வடிவான கார்.

வீட்டு நடைக்குள் அது இரண்டு எட்டில் சுவரில் முட்டியது. ஆகவே ஒரு ஞாயிறு பின்னேரம், அம்மா கண்ணயர்ந்த நேரம் பார்த்து, நானும் சின்னம்மாவும் மொட்டைமாடிக்குப் போனோம். ரிமோட்டின் ஏரியலை முழுவதுமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு சின்னம்மா காரைத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்ற வைத்தார். குழாய்க்கு மேலால் துள்ளிப் பாய வைத்தார். சின்னம்மா வாய்விட்டுச் சிரித்து நான் அன்றுதான் கண்டேன். எதிர் பிளாட் பல்கனியில் நின்ற மனிசி பிள்ளையை உள்ளே இழுத்து ஜன்னலைச் சாத்தினார். கீழே ரயில் பாதையோரக் காவலரணில் நின்ற ஆமிக்காரர் அண்ணாந்து எங்களையே பார்த்தார். நான் கை காட்டினேன். அவர் காட்டவில்லை.

இதையெல்லாம் தேநீர் நேரத்தில் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னதும் நான்தான். "ஆமியும் பாத்தது அப்பா!"

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். "சின்னம்மான்ரை கையில என்ன இருந்தது?"

"ரிமோட்."

"ஏரியல்?"

"முழுக்க இழுத்து."

கொழும்பில் குண்டு வெடிக்கும் காலம். ரிமோட்டால் வெடிக்க வைத்ததாம் என்று பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக் கதைப்பார்கள். அந்த ரிமோட்டுக்கும் எங்கள் ரிமோட்டுக்கும் முடிச்சுப் போட எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது. "உதைக் கொண்டுபோய்க் கடலுக்குள்ள எறிஞ்சிட்டு வாங்கோ," என்று அழத் தொடங்கினார்.

"கண்டிட்டாங்கள். வந்து கேக்கேக்க எதைக் காட்டுறது? விளையாட்டுச் சாமான் எண்டால் ஏன் எறிஞ்சனி எண்டு கேப்பாங்கள்," என்றார் அப்பா. "அவங்கள் வர முந்தி நானே கொண்டுபோய்க் காட்டுறன்."

பிறகு அவர் செய்ததுதான் விசித்திரம். கட்டியிருந்த சாரத்தை மடித்துக்கொண்டு சின்னம்மாவுக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்தார். "எந்த வயர் எங்கை போகுது, சொல்லு பிள்ளை." சின்னம்மா சொல்லச் சொல்ல, சோதனைக்குப் படிக்கும் பிள்ளையைப் போல வாய்க்குள் திருப்பிச் சொன்னார். ஒரு வயரைக் கழற்றச் சொல்லி, ஈயம் உருக்கும் கோலைத் தானே பிடித்து அதைத் திரும்ப ஒட்டினார். ஒட்டினார் என்பதை விட, சூடு பட்டுக் கத்திக் குழறினார் என்பதே பொருத்தம். ஈயம் கட்டியாய்த் திரண்டு நின்றது. பெருவிரலில் பெரிய கொப்புளம். கடைசியில் அப்பாவுக்கும் என் காரில் ஆசை வந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

மறுநாள் காலை, கார் பிள்ளையின் விளையாட்டுச் சாமான் என்று காட்ட என்னையும் கூட்டிப்போவதென்று, அம்மா எனக்குப் பிறந்தநாள் சட்டையைப் போட்டுவிட்டு, தமிழ்ப் பிள்ளை என்று பார்த்ததும் தெரியாதபடி பொட்டை அழித்து, ரிபன் கட்டினார். அப்பா கழுத்தில் ரை கட்டினார். வாசலில் சின்னம்மா செருப்புடன் நின்றார்.

"நானும் வாறன் அத்தான். செய்தது நான். நானே சொல்லுறன்."

"நீ வீட்டுக்குள்ள இரு!" என்று அப்பா அதட்டினார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அபூர்வம். எல்லாப் புகழும் தனக்கே வரவேண்டும் என்று நினைக்கிறார் போலும் என்று எனக்குப் பட்டது.

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் ஒருவர் மேசையில் காரை வைத்து மூடியைத் திறந்தார். சிங்களத்தில்தான் பேச்சு. இதை யார் செய்தது என்று கேட்டார்.

"மம தமய் சேர்," என்றார் அப்பா. நான்தான் ஐயா.

என் காதையே நம்ப முடியவில்லை. அப்பாவை நிமிர்ந்து பார்த்தேன். முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. இந்த வயர் எங்கே போகிறது? பற்றரிக்கு, சேர். இது? ரிலே, சேர். அது எதற்கு? "சின்னக் கரண்ட் வந்து பெரிய கரண்டுக்குக் கதவு திறந்துவிடும், சேர்." சின்னம்மாவின் வசனம்! அதையும் சேர்த்தே களவெடுத்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் கதிரையில் சாய்ந்தார். கணக்கெழுதுகிறவருக்கு இதெல்லாம் எங்கே பழக்கம் என்று கேட்டார். அப்பா மீண்டும் ரிலேயைத் தொட்டுக் காட்டினார். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? மனைவி, சேர். மகள். மனைவியின் தங்கை. எந்த ஊர்? யாழ்ப்பாணம், சேர். எப்போது வந்தவர்? அதையும் அப்பா சொன்னார். இன்ஸ்பெக்டர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு மேசைக்கு மேலால் என்னிடம் குனிந்தார்.

"துவே," என்று மகளை அழைப்பதுபோல அழைத்து, "நீ சொல்லு பார்ப்போம். இதை யார் செய்தது?" என்றார்.

இதற்குத்தானே காத்திருந்தேன். சிங்களப் பிள்ளைகளோடு ஒழுங்கையில் விளையாடிப் படித்த சிங்களம் என்னிடம் தாராளமாக இருந்தது. ஆனால் நான் நியாயமான பிள்ளை. அப்பாவின் பங்கையும் மறைக்கக் கூடாது, முதலில் அவர் செய்த கொஞ்சத்தைச் சொல்லிவிட்டு மீதி முழுவதும் சின்னம்மா என்று முடிக்கலாம் என்று எண்ணி, ஈயக் கட்டியைத் தொட்டுக் காட்டினேன்.

"இந்த வயரை அப்பா ஒட்டினார். ஒட்டும்போது கையைச் சுட்டுக்கொண்டார். குழறினார்."

இன்ஸ்பெக்டர் அந்தக் கட்டியைப் பார்த்தார். கையைக் காட்டும்படி அப்பாவிடம் சொன்னார். அப்பா பெருவிரலை நீட்டினார். கொப்புளத்தைக் கண்டதும் இன்ஸ்பெக்டர் வெடித்துச் சிரித்து, பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். தான் ஒருமுறை வீட்டில் ஸ்திரிக்கைப்பெட்டி திருத்தப்போய் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கதையைச் சொன்னார். நான் மீதியைச் சொல்ல வாயைத் திறந்தேன். "சேர், ஓட்டிக் காட்டட்டுமா?" என்று அப்பா காரைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் பாய்ந்துவிட்டார்.

முற்றத்தில் இன்ஸ்பெக்டர்தான் ஓட்டினார். கார் ஜீப்புக்கு அடியால் புகுந்து மறுபக்கம் வந்தது. கான்ஸ்டபிள்கள் கைதட்டினார்கள். கடைசியில் காரைத் தந்தார், ரிமோட்டைத் தரவில்லை. நிலைமை சரியானதும் வந்து எடுங்கள் என்றார். அப்பா அவருக்கு எத்தனை தரம் நன்றி சொன்னார் என்று கணக்கில்லை. ரிமோட்டைப் பறித்தவருக்கு எதற்கு நன்றி என்று எனக்கு அழுகை அழுகையாய் வந்தது.

வீட்டில் சின்னம்மா முன்னறைக் கதிரையில், காலையில் போட்ட செருப்பைக் கழற்றாமல் அப்படியே இருந்தார். நான் ஓடிப்போய்க் கோள் மூட்டினேன். "சின்னம்மா, எல்லாத்தையும் தான் செய்ததெண்டு அப்பா சொன்னவர்!"

சின்னம்மா அப்பாவைப் பார்த்தார். "ஓம் குஞ்சு," என்றார். "அத்தான்தான் செய்தவர்." அப்படிச் சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அம்மாவும் அழுதார். அப்பா ரையைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

சில மாதங்களில் விசா வந்தது. சூட்கேசுக்குச் சக்கரங்கள் திரும்பவும் பூட்டப்பட்டன, சின்னம்மா போனார். யாழ்ப்பாணத்திலிருந்து அண்மையில் வந்த ஓர் இளம் பெண்ணுக்கு, தூரத்தில் நின்று ஒரு பொருளை இயக்கத் தெரியும் என்பது அந்த நாட்களில் எவ்வளவு பெரிய குற்றம் என்று நான் விளங்கிக்கொள்ளப் பல வருடங்கள் சென்றன. அப்படிப் பிடித்துக்கொண்டு போகப்பட்டு, வீடு திரும்பாத பெண்களைப் பற்றிப் பிறகுதான் கேள்விப்பட்டேன். அந்தக் கேள்விகள் முழுவதற்கும், மின்சாரத்தைக் கண்டால் கதிரையைப் பிடிக்கும் என் அப்பா தன்னைப் பிணையாய் வைத்தார். அவர் என் அப்பாவாக வாய்த்ததற்கு நான் யாருக்கு நன்றி சொல்வேன் என்று தெரியவில்லை.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் ஒரு பொய்யர் என்பதுதான். ஒரு கிழமை அவருடன் கதைக்கவில்லை. அப்பா தன் பக்க நியாயம் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு மாலையும் சொக்லேற் வாங்கி வந்து, "பிழைதான் அம்மா, இனி அப்பிடிச் சொல்லமாட்டன்," என்று என் முன்னால் நின்றார். கடைசியில் எனக்கும் பாவமாயிருந்தது. பெரிய மனது பண்ணி அவரை மன்னித்தேன்.